வாய்மையே தவம்: அசுவினி குமார் தத்தர்

கலியுகத்தில் வாய்மையே தவம் என்பது பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் உபதேசம். சட்டம் பயின்ற இல்லறத்தார் ஒருவர் அந்தத் தவத்தை வாழ்நாள் முழுவதும் இயற்றினார். அவரே அசுவினி குமார் தத்தர்.

1856 ஜனவரி 25 அன்று கிழக்கு வங்காளத்தின் பாரிசால் பகுதியில் அவர் பிறந்தார். தந்தை பிரஜமோகன் தத்தர் நீதித்துறை அதிகாரி. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதப் பதினாறு வயது நிரம்ப வேண்டும் என்பது அந்நாளைய விதி. பதினான்கே வயதான அசுவினி, வயதைக் கூட்டிக் காட்டித் தேர்வு எழுதி வென்றார். பின்னர் கல்லூரியில் பயிலும்போது அந்தப் பொய் அவர் நெஞ்சை உறுத்தியது. பதிவைத் திருத்தும்படி வேண்டினார். வழியில்லை என அதிகாரிகள் கைவிரித்தனர். எனவே அதற்குப் பிராயச்சித்தமாகத் தமது படிப்பையே சில காலம் நிறுத்தி வைத்தார். அதன்பிறகே எம்.ஏ., சட்டப் பட்டம் இரண்டையும் பெற்றுப் பாரிசாலில் வழக்கறிஞரானார்.

1881-ஆம் ஆண்டு வாக்கில் தட்சிணேசுவரம் சென்று பகவானைத் தரிசித்தார். அதன்பின் மேலும் சிலமுறை அவரை நாடிச் சென்றார். நரேந்திரருடன் பழகும்படி பகவான் அவரிடம் கூறினார். ஆயினும் அப்போது இருவரும் நெடுநேரம் பேச வாய்க்கவில்லை. பின்னாளில் விஜயகிருஷ்ண கோஸ்வாமியிடம் அவர் மந்திர தீட்சை பெற்றார்.

பகவானைத் தரிசித்த உள்ளம் நீதிமன்றத்தில் நிலைகொள்ளவில்லை. பொய் கலவாமல் அந்தத் தொழிலை நடத்துவது அரிது என்று கண்டதும், நல்ல வருவாயைத் துறந்து கல்விப் பணியில் முழுமையாக இறங்கினார். தந்தையின் பெயரால் 1884-இல் பள்ளியையும், 1889-இல் கல்லூரியையும் நிறுவியிருந்தார். அங்கே பல ஆண்டுகள் ஊதியமின்றிக் கற்பித்தார். வாய்மை, அன்பு, தூய்மை ஆகிய மூன்றுமே அக்கல்வி நிலையத்தின் குறிக்கோள்கள். அங்கே கண்காணிப்பாளர் இன்றியே தேர்வுகள் நடைபெற்றன. மாணவர்கள் அந்த நம்பிக்கைக்குப் பாத்திரமாக நடந்தனர். காலராவால் துன்புற்றோருக்கு அவர்கள் அஞ்சாமல் பணிவிடை செய்தனர். அம்மாணவர்களுக்கு அவர் ஆற்றிய சொற்பொழிவுகளே 'பக்தியோகம்' என்ற நூலாயின.

1897-இல் அல்மோராவில் சுவாமி விவேகானந்தரை அவர் சந்தித்தார். பகவானின் விருப்பம் பல ஆண்டுகளுக்குப் பிறகு நிறைவேறியது. மாணவர்களின் ஒழுக்கத்தை வலுப்படுத்தும்படியும், தாழ்த்தப்பட்ட எளிய மக்களிடம் செல்லும்படியும் சுவாமிஜி அவருக்கு எடுத்துரைத்தார்.

1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேச பாந்தவ சமிதியை அவர் அமைத்தார். அதன் 89 சமரசக் குழுக்கள் ஓராண்டுக்குள் 523 கிராம வழக்குகளைத் தீர்த்து வைத்ததாகச் சமிதியின் அறிக்கை தெரிவித்தது. நீதிமன்றத்தைத் துறந்தவர் நீதியைத் துறக்கவில்லை! 1906-இல் பஞ்சம் வந்தபோது, பசித்தோருக்கு உணவளிக்கும் பணியில் சமிதி முன்னின்றது.

1908 டிசம்பரில் அரசு அவரை விசாரணையின்றி நாடு கடத்தி லக்னோ சிறையில் அடைத்தது. 1910-இல் விடுதலையாகித் திரும்பியவர், உடல் நலிந்த நிலையிலும் மக்கள் பணியைத் தொடர்ந்தார். 1923 நவம்பர் 7 அன்று இறைவனடி சேர்ந்தார்.

ஆசிரியர், பக்தர், தேசத் தொண்டர் என்று அவரது பணிகள் பலவாயின. அவை அனைத்துக்கும் வேர், பதின்பருவத்தில் நேர்ந்த ஒரு பொய்யைத் தமக்குத்தாமே மன்னிக்க மறுத்த அந்த நெஞ்சுரமே. நமது சிறு பொய்களை நாம் எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறோம்! அவற்றை நேர்மையுடன் எண்ணிப் பார்ப்பதே சாதனையின் முதற்படி என்பதை அசுவினி குமாரரின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.