பாழ்மனைகளை எண்ணிய பேராசிரியர்



நம் பின்பக்கச் சுவரை ஒட்டி, பழைய அரிசி ஆலையின் கருங்கல் மேடையும் உமிச் சாம்பலும் கிடக்கிறதே, அந்த இடம் அடுத்த பொதுக்குழுவில் பேசப்பட இருக்கிறது. பேவர் பிளாக் போட்டு கார் நிறுத்தலாம் என்பது ஒரு கட்சி. மரம் வைக்கலாம் என்பது இன்னொரு கட்சி. அதற்கு முன் பேட்ரிக் கெடஸ் என்ற மனிதரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் இரண்டாவது கட்சி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கெடஸ் 1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எந்தப் பட்டமும் வாங்காமலே டண்டீ நகரில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். இளவயதில் மெக்சிகோவில் சில வாரங்கள் கண்பார்வை போய்விட்டது. பார்வை திரும்பினாலும் நுண்ணோக்கி வேலை கைவிட்டுப் போனது. நமக்கு அது லாபம். அவர் செடியை விட்டு ஊரைப் பார்க்க ஆரம்பித்தார்.

1886-ல் அன்னாவை மணந்தார். எடின்பரோவில் வசதியான தெருவை விட்டு, இடிந்தும் நாறியும் கிடந்த பழைய நகரத்துக்கே குடித்தனம் போனார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள், ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார்கள், அக்கம்பக்கத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். பின்னர் அந்தப் பகுதியில் சும்மா கிடந்த மனைகளை எண்ணிப் பட்டியல் போட வைத்தார். 75 இடங்கள், மொத்தம் 10 ஏக்கர்! இடித்த வீடுகளின் கல்லும் குப்பையும் நிறைந்த துண்டு நிலங்கள். நெரிசலில் இடமே இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த ஊர் அது. அவற்றில் பல, குழந்தைகள் விளையாடும் தோட்டங்களாயின. வடிவமைத்தவர் அவர் மகள் நோரா.

1914-ல் சென்னை மாகாண ஆளுநர் அழைப்பில் இந்தியா வந்தார். நகரக் கண்காட்சிக்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்த படங்களும் வரைபடங்களும் தனிக் கப்பலில் வந்தன. சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன், அடுத்த மாதமே அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. மனிதர் அசரவில்லை. நண்பர்கள் அவசரமாகச் சேர்த்து அனுப்பியதை வைத்து 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்திவிட்டார்.

பிறகு ஊர் ஊராக நடை. தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம், கோயம்புத்தூர் என்று சந்து சந்தாக நடந்து பார்த்துத்தான் அறிக்கை எழுதுவார். நெரிசல் என்றதும் தெருவையே இடித்து நேர் சாலை போடுவது அன்றைய வழக்கம். கெடஸ் சொன்னது வேறு: விழுந்து கிடக்கும் வீட்டை மட்டும் அகற்றி, காலி மனையில் மரம் வைத்துத் திண்ணை கட்டினால் போதும், செலவும் பல மடங்கு குறையும். வங்கியில் பேரேடு எழுதிய எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்தது. கொசுவுக்காகக் குளத்தைத் தூர்க்க நினைத்தவர்களிடம் மீனும் வாத்தும் விடச் சொன்னார். நம் கோயில் நகரங்களையும் துளசி மாடத்தையும் வியந்து எழுதினார். சித்திரைத் தேர் ஓடும் வீதிகளில் தினமும் நடக்கும் நமக்கு அது பழகிப்போய்விட்டது.

1917 அவருக்குக் கொடிய வருடம். மூத்த மகன் அலாஸ்டர் பிரான்சில் போரில் மாண்டான். அன்னா இங்கே காய்ச்சலில் படுத்திருந்தார். மகன் இறந்ததை அவரிடம் சொல்லாமல், பழைய கடிதங்களையே வாசித்துக் காட்டினார் கெடஸ். சில வாரங்களில் அன்னாவும் போய்ச் சேர்ந்தார்.

ஆனாலும் வேலை நிற்கவில்லை. பிளேக் பரவிய இந்தூரில், எந்தத் தெரு அதிகச் சுத்தமோ அந்தத் தெரு வழியாகத்தான் தீபாவளி ஊர்வலம் என்று அறிவித்தார். போட்டி போட்டு வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. (நம் பிளாக்குகளுக்கு இடையே இப்படி ஒரு போட்டி வைத்தால் என்ன?) பின்னர் பம்பாய் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர், 1932-ல் பிரான்சின் மோன்பெலியேவில் மரணம்.

அரியமங்கலம் குப்பை மலையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்பதை நாம் பார்த்திருக்கிறோம். நம்முடையது வெறும் ஆறு சென்ட். அளவு வரைபடம் செயலாளரிடம் இருக்கிறது. பொதுக்குழுவுக்கு முன், வெயில் தாழ்ந்ததும் ஒரு நாள் அந்த இடத்தை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். பழைய களத்தின் ஓரம் ஒரு வேப்பங்கன்று தானாகவே முளைத்திருக்கிறது, மிதித்துவிடாதீர்கள்.