கூட்டுறவு வளர்த்த கமலாதேவி அம்மையார்

பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள் நம் முன்னோர். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் அசைந்து வருவதைக் கண்ட மதுரை மக்களுக்கு இப்பழமொழியை விளக்க வேண்டியதில்லை. வடத்தைப் பிடிப்பவர் செல்வரா, ஏழையா என்று யாரும் கேட்பதில்லை. இழுக்கும் கைகள் பல. நகரும் தேர் ஒன்று. கூட்டுறவும் அத்தகையதே. அந்நெறியைக் கொண்டு வீடிழந்தோரையும் கைவினைஞரையும் தலைநிமிரச் செய்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே காண்போம். அவர்தாம் கமலாதேவி சட்டோபாத்யாய்.

பிறப்பும் இளமையும்

கமலாதேவி 1903-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் மங்களூரில் பிறந்தார். தந்தை அரசு உயர் அலுவலர். தாய் கிரிஜாபாய் கல்வியில் மிகுந்த நாட்டமுடையவர். கமலாதேவிக்கு ஏழு வயதானபோது தந்தை உயில் எழுதாமலே காலமானார். அக்கால வழக்கப்படி சொத்து முழுவதும் மூத்த தாரத்து மகனுக்குச் சேர்ந்தது. தாய்க்கும் மகளுக்கும் அதில் பங்கில்லை. மாதந்தோறும் ஒரு தொகை மட்டும் தருவதாகச் சொன்னார்கள். கிரிஜாபாய் அதை ஏற்கவில்லை. தம் சீதனத்தைக் கொண்டே மகளை வளர்த்தார். பிறர் அளக்கும் படி வேறு, தனக்குரிய பங்கு வேறு என்னும் பாடம் கமலாதேவிக்குப் பிஞ்சு வயதிலேயே கிடைத்தது.

பதினான்கு வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. இரண்டே ஆண்டுகளில் கணவரை இழந்தார். அந்நாளில் கைம்பெண் என்றால் மூலையில் முடங்க வேண்டியதுதான். கமலாதேவியோ சென்னைக்கு வந்து இராணி மேரிக் கல்லூரியில் பயின்றார். பின்னர்க் கவியரசி சரோஜினி நாயுடுவின் தம்பி ஹரீந்திரநாத்தை மறுமணம் செய்துகொண்டார். உறவினரும் ஊராரும் கூறிய பழிச்சொற்களை அவர் பொருட்படுத்தவில்லை.

பொதுவாழ்வில்

1926-இல் சென்னைச் சட்டமன்றத் தேர்தலில் துணிந்து நின்றார். அதற்கு முன் அங்கே எந்தப் பெண்ணும் போட்டியிட்டதில்லை. மிகச் சில வாக்குகளில் வெற்றி நழுவியது. ஆனால் பூட்டிக் கிடந்த கதவு ஒன்று திறந்தது. 1927-இல் தோன்றிய அகில இந்திய மாதர் மாநாட்டின் தொடக்க காலச் செயலாளராகப் பணியாற்றினார். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது பெண்களும் அதில் சேர வேண்டும் என்று காந்தியடிகளிடம் வாதாடினார். பம்பாயில் உப்புக் காய்ச்சி விற்றுச் சிறை புகுந்தார்.

கூட்டுறவுப் பணி

1947-இல் நாடு விடுதலை பெற்றது. கூடவே இரண்டாகவும் பிரிந்தது. இலட்சக்கணக்கான மக்கள் வீடு, நிலம், தொழில் அனைத்தையும் இழந்து டெல்லிக்கு வந்து கூடாரங்களில் தங்கினர். அவர்களுக்கு உணவும் துணியும் வழங்கப்பட்டன. ஆனால் நேற்றுவரை உழைத்து உண்டவர்கள் எத்தனை நாள் வரிசையில் நின்று வாங்கி உண்பது? இதை எண்ணிய கமலாதேவி 1948-இல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தை உருவாக்கினார்.

கூட்டுறவுச் சங்கம் என்பது என்ன? உறுப்பினர் ஒவ்வொருவரும் சிறு தொகை செலுத்திப் பங்கு பெறுவர். பத்துப் பங்கு உள்ளவருக்கும் ஒரே வாக்கு. ஒரு பங்கு உள்ளவருக்கும் ஒரே வாக்கு. இலாபமும் நட்டமும் எல்லோருக்கும் பொது. 1844-இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 28 பேர் தொடங்கிய சிறு கடை இதற்கு முன்மாதிரி ஆயிற்று. மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை இல்லாத அக்காலத்திலேயே அச்சங்கம் பெண்களையும் உறுப்பினராக ஏற்றது. நம் மாநிலத்தில் 1904-இல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை புகழ்பெற்றது.

அகதிகளாக வந்த உழவர்களை டெல்லி அருகே சத்தர்பூரில் கூட்டுறவு முறையில் பயிரிடச் செய்தது அந்த ஒன்றியம். அடுத்துப் பரிதாபாத்தில் புது நகரம் எழுந்தது. குத்தகைக்காரரை அழைத்துக் கட்டித் தரச் சொல்வதே வழக்கம். இங்கோ, குடியிருக்கப் போகும் மக்களே மண் சுமந்து, செங்கல் அடுக்கித் தங்கள் வீடுகளைக் கட்டினர். கூலியும் அவர்களுக்கே சேர்ந்தது. பின்னாளில் அலுவலகக் கெடுபிடிகள் மிகுந்ததால் அங்கிருந்த கூட்டுறவு முயற்சிகள் பல தளர்ந்து போயின. ஆயினும் அவர்கள் எழுப்பிய நகரம் இன்றும் நிற்கிறது.

கைவினைஞர் துயரம் வேறு வகையானது. நெய்பவருக்கும் மண்பாண்டம் வனைபவருக்கும் தொழில் தெரியும், சந்தை தெரியாது. மூலப்பொருளைக் கடனுக்குத் தரும் தரகரே விலையையும் குறிப்பார். 1952-இல் டெல்லியில் இருந்த மத்தியக் குடிசைத்தொழில் விற்பனை நிலையத்தைக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்று நடத்தியது. கைவினைப் பொருள்கள் நல்ல விலைக்கு அங்கே விற்பனையாயின. அதே ஆண்டு அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்துக்கும் கமலாதேவியே தலைவரானார். ஊர் ஊராகச் சென்று, அழியும் நிலையிலிருந்த கலைகளைத் தேடிப் பிடித்து வாழவைத்தார்.

1966-இல் மகசேசே விருதும், 1987-இல் பத்ம விபூஷண் விருதும் அவரை நாடி வந்தன. 1988-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் அவர் மறைந்தார். மறு ஆண்டே, 1989-இல், குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு என்று நம் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கிரிஜாபாய்க்கு மறுக்கப்பட்டது நமக்குக் கிடைத்தது.

நமக்குரிய பாடம்

அன்புத் தோழியரே! கோரிப்பாளையத்தை அடுத்த செல்லூரில் ஒரு காலத்தில் தெருவெங்கும் தறியோசை கேட்குமாம். தறியில் அமர்பவர் ஒருவர். ஆனால் தார் சுற்றுவது, பாவு பிணைப்பது என்று மனைவியும் மக்களும் உழைத்தால்தான் சேலை உருவாகும். சங்கத்தில் உறுப்பினராக இருப்பது யார்? பெரும்பாலும் குடும்பத் தலைவர்தாம். உழைப்பு நால்வருடையது, பெயர் ஒருவருடையது. நம் வீடுகளிலும் இப்படித்தானே?

அம்மாவின் உழைப்புக்கு நன்றி சொன்னால் மட்டும் போதாது. அவர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு, சங்கத்தில் ஒரு பங்கு, கூட்டத்தில் ஒரு வாக்கு இருக்க வேண்டும். ஏழைக்கு உதவுவது நல்லது. அவரையும் நம் அருகில் நிறுத்தி வடத்தைப் பிடிக்கச் செய்வது அதனினும் நல்லது. அம்மையார் காட்டிய இவ்வழியில் நாமும் நடப்போமாக!