ஷ்ரோடர்-டெவ்ரியன்ட் அம்மையார்

கலைஞருக்கு அரசியல் எதற்கு என்று கேட்போர் எத்தேசத்திலும் உண்டு. பாடுகிறவர் பாடட்டும், நடிக்கிறவர் நடிக்கட்டும், ராஜாங்க விவகாரங்களில் அவர்கள் தலையிட வேண்டாம் என்பது அன்னாரின் கட்சி. அதற்கு விடையாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த ஒரு பாடகியின் சரித்திரத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

வில்ஹெல்மினே ஷ்ரோடர் 1804-ம் வருஷம் டிசம்பர் 6-ந் தேதி ஹாம்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் ஸங்கீத நாடகமாகிய ஓபராவில் பாடியவர். தாயார் ஸோபி ஷ்ரோடர், சோக பாத்திரங்களை நடிப்பதில் ஜெர்மனியெங்கும் கீர்த்தி பெற்றவர். பெண் முதலில் நடனமும், பின்னர் வசன நாடகமும் பயின்று, 1821-ல் வியன்னாவில் மோட்ஸார்ட்டின் மாயப் புல்லாங்குழல் என்ற ஓபராவில் பாமினாவாகத் தோன்றினார்.

அடுத்த வருஷம் நவம்பர் மாதத்தில் அவருக்குக் கிடைத்த வேஷமே அவர் வாழ்வின் போக்கை நிர்ணயித்தது. அது பீத்தோவனின் பிடேலியோவில் வரும் லியோனோரா வேஷம். அக்கதையில், அதிகாரியின் அக்கிரமங்களை வெளியிடத் துணிந்த புளோரஸ்டான் என்பான் விசாரணையின்றிப் பாதாளச் சிறையில் அடைபட்டுக் கிடக்கிறான். அவன் மனைவி லியோனோரா ஆண் வேடம் பூண்டு அச்சிறையிலேயே வேலைக்கு அமர்கிறாள். கணவனைக் கொல்லக் கொடியவன் கத்தியை ஓங்குந் தருணத்தில் குறுக்கே பாய்ந்து, கைத்துப்பாக்கியை நீட்டி அவனைத் தடுத்து நிறுத்துகிறாள். சிறை வாசலைக் கண்டவர்களுக்கு இக்கதையின் உட்பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை.

அவ்வமயம் பீத்தோவனுக்குச் செவி அநேகமாகக் கேளாது. ஒத்திகையைத் தாமே நடத்த முயன்று, இயலாமல் வெளியேறினார். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணோ அன்றிரவு சபையோரின் உள்ளங்களைக் கொள்ளை கொண்டார். அதுகாறும் போதிய ஆதரவு பெறாதிருந்த அந்நாடகம் அவரால் புத்துயிர் பெற்றது. 1830-ஐ ஒட்டிய வருஷங்களில் பாரிஸிலும், 1832-ல் லண்டனிலும் அவர் அதே வேஷத்தில் தோன்றிப் பெரும் புகழ் எய்தினார்.

இவரது சாரீரம் குற்றமற்றதன்று. முறையான பயிற்சி போதாதென்று அறிந்தோர் கூறினர். உணர்ச்சி மேலிட்ட இடங்களில் பாட்டை விட்டு வசனமாகவே பேசிவிடுவதைப் பிரெஞ்சு ஸங்கீத கர்த்தாவாகிய பெர்லியோஸ் கண்டித்தார். கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், அலங்காரப் பாட்டே ஓபராவென்று கருதப்பட்ட காலத்தில், சொல்லின் பொருளும் பாத்திரத்தின் உள்ளமுமே முதன்மையென நிலைநாட்டியவர் இவர். 1830-ல் கவி கதேயின் முன் ஷூபர்ட்டின் ஓர் இசைப்பாட்டை இவர் பாடினார். முன்னர் அவ்விசையமைப்பை மதியாதிருந்த முதிய கவி அன்று உள்ளம் உருகினார். அதைக் கேட்டு மகிழ ஷூபர்ட் உயிரோடில்லை.

ஸாக்ஸனி ராஜ்யத்தின் தலைநகரான டிரெஸ்டனில், அரசாங்க ஓபராவில், 1823 முதல் 1847 வரை அம்மையார் பணியாற்றினார். அங்கே ரிச்சர்ட் வாக்னரின் மூன்று ஓபராக்கள் முதன்முதல் அரங்கேறிய காலை அவர் முக்கிய வேஷங்களை ஏற்றார். 1842-ல் ரியென்ஸியில் அட்ரியானோ, 1843-ல் பறக்கும் டச்சுக்காரனில் ஸென்டா, 1845-ல் டான்ஹாய்ஸரில் வீனஸ் ஆகியவை அவை. இல்வாழ்க்கையில் மட்டும் சுகம் கிட்டவில்லை. நடிகர் கார்ல் டெவ்ரியன்டுடன் செய்த விவாகம் 1828-ல் ரத்தாயிற்று. இரண்டாவது விவாகமும் நிலைக்கவில்லை.

நிற்க. 1849-ம் வருஷத்திற்கு வருவோம். பிராங்க்பர்ட்டில் கூடிய ஜனப் பிரதிநிதிகள் ஜெர்மனி முழுமைக்கும் வகுத்த அரசியல் சட்டத்தை ஏற்க ஸாக்ஸனி மன்னர் மறுத்தார். மே 3-ந் தேதி டிரெஸ்டனில் ஆயுதசாலையின் முன் கூடிய ஜனங்கள் மீது துருப்புகள் சுட்டன. மாண்டவர்களைக் கண்டு மனம் பதறிய அம்மையார், ஒரு மாடியின் ஜன்னலில் நின்று, அநீதியை எதிர்க்குமாறு தெருவிலிருந்தோரை வாய்விட்டு அழைத்தார். பிரஷ்யத் துருப்புகளின் உதவியுடன் மே 9-ந் தேதிக்குள் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. வாக்னர் ஸ்விட்ஜர்லாந்துக்கு ஓடினார். அரசாங்கக் கொட்டகையைக் கட்டிய சிற்பி ஸெம்பரும் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது.

அம்மையார் 1850-ல் ஃபான் பாக் என்ற லிவோனிய நிலப்பிரபுவை மணந்து, ருஷ்ய ஆட்சியிலிருந்த அப்பிரதேசம் சென்றார். அரசாங்கமோ அவரை மறக்கவில்லை. ஜன்னலில் நின்று கூவிய குற்றத்திற்காக ஒரு பாடகி ராஜத்துரோக விசாரணைக்கு ஆளானார். சட்டம் பயின்ற நமக்கு இதில் வியப்பில்லை. அச்சங்கொண்ட ஆட்சிக்குப் பீரங்கியும் குரலும் ஒன்றே.

1860-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி அவர் கோபர்க்கில் காலமானார். அவரைக் குற்றவாளியாக நிறுத்திய டிரெஸ்டனிலேயே அவருடைய உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. 1872-ல் வாக்னர், நடிகர்களையும் பாடகர்களையும் பற்றித் தாம் எழுதிய நூலை அவர் நினைவுக்கே அர்ப்பணஞ் செய்தார்.

கொடியவனின் முன் அஞ்சாது நிற்கும் பெண்ணாக எத்தனையோ இரவுகள் மேடையில் நடித்தவர், தெருவிலே அக்கொடுமை மெய்யாக நேர்ந்தபோது வாளாவிருந்திருப்பாராயின், அத்தனை இரவுகளும் பொய்யாகியிருக்கும் அன்றோ? கலைஞருக்கு அரசியல் எதற்கு என்போருக்கு நாம் கூறும் விடை இதுவே.