பகைவரும் நம்பிய பாதிரியார்

மாத்தளையும் கலேவெலப் பகுதியும் கண்டி மன்னரின் ஆட்சியில் இருந்த 1760ஆம் ஆண்டில், ஒல்லாந்தர் வசமிருந்த இலங்கைக் கரையோரத்துக்கு ஜெர்மானியப் பாதிரியார் ஒருவர் வந்து சென்றார். லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் என்பவரே அவர்.

1726இல் பிரசியாவில் பிறந்த அவர், 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழோடு பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி ஆகிய மொழிகளையும் கற்றுத் தேர்ந்தார். பின்னர் திருச்சிராப்பள்ளியில் கிழக்கிந்தியக் கம்பனிப் படையினரின் குருவாக நியமனம் பெற்றார். அதற்கான ஊதியத்தில் ஒரு பகுதியைத் தமது சமயப் பணிக்கே செலவிட்டார்.

கம்பனியின் வாக்குறுதிகளில் மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலிக்குச் சற்றும் நம்பிக்கை இருக்கவில்லை. ஆயினும் சுவார்ட்ஸை மட்டும் தூதராக ஏற்க அவர் இணங்கினார். 1779இல் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்ற பாதிரியாரை மரியாதையுடன் வரவேற்றார். வழிச்செலவுக்கென ஹைதர் அளித்த பணத்தைப் பாதிரியார் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அது அநாதைப் பிள்ளைகளின் பாடசாலைக்குச் சென்றது.

எனினும் தூது பலிக்கவில்லை. 1780இல் போர் மூண்டது. அப்போதும் பாதிரியாரைத் தடையின்றி நடமாட விடுமாறு ஹைதர் தம் படையினருக்குக் கட்டளையிட்டார். பஞ்சத்தால் தஞ்சைக் கோட்டை தவித்தவேளை, முன்னர் விலை பெறாது ஏமாந்த குடியானவர்கள் அரசின் சொல்லை நம்ப மறுத்தனர். பாதிரியார் பொறுப்பேற்ற பின்னரே மாடுகளும் வண்டிகளும் வந்தன. சுமார் 80,000 கலம் தானியம் கோட்டையைச் சேர்ந்தது.

தஞ்சை மன்னர் துளஜாஜி 1787இல் மறையுமுன், தமது சுவீகாரப் புதல்வர் சரபோஜியை இவரது பொறுப்பிலேயே ஒப்படைத்தார். சரபோஜி அரியணை ஏறிய 1798ஆம் ஆண்டிலேயே, பெப்ரவரி 13ஆம் திகதி சுவார்ட்ஸ் காலமானார். இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்த சரபோஜி, தம் குருவுக்குத் தஞ்சைத் தேவாலயத்தில் சலவைக்கல் நினைவுச் சின்னம் எழுப்பினார்.

அந்நிய வணிக ஆட்சி வேரூன்ற இவரது நற்பெயரும் துணைபோயிற்று என்பதை நாம் மறைக்கலாகாது. ஆனால் முஸ்லிம் ஆட்சியாளரும் இந்து மன்னரும் கிறிஸ்தவக் குரு ஒருவரின் சொல்லை நம்பினர் என்பதும் வரலாறே. பல சமூகங்கள் அயலவராக வாழும் கலேவெல போன்ற ஊர்களில், நம் சொல்லைப் பிறர் நம்புகின்றனரா என்று நாம் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்வது நன்று.