நிக்கோலா தெஸ்லா

நிக்கோலா தெஸ்லா (ஜூலை 10, 1856 – ஜனவரி 7, 1943) ஒரு மின்பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். இவர் மாறுதிசை மின்னோட்ட இயக்கிக்காகவே பெரிதும் அறியப்படுகிறார். கம்பியில்லாத் தொலைக்கட்டுப்பாட்டிலும், அதில் வேற்று அலைகள் குறுக்கிடாமல் தடுக்கும் முயற்சியிலும் இவர் முன்னோடி என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வாழ்க்கை

தெஸ்லா அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த ஸ்மில்யான் என்னும் சிற்றூரில் (இன்றைய குரோவாசியா) செர்பியக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை மரபுவழிக் கிறித்தவ மதகுரு. கிராஸ் நகரில் பொறியியல் பயின்று, புடாபெஸ்டிலும் பாரிசிலும் பணியாற்றிய பின் 1884 இல் நியூயார்க் சென்றார். 1888 இல் மாறுதிசை இயக்கிக்கான காப்புரிமங்களைப் பெற்றார். 1895 மார்ச்சில் இவரது ஆய்வுக்கூடம் தீக்கிரையானது.

தொலைக்கட்டுப்பாட்டுப் படகு

1898 இல் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் ஏறத்தாழ 4 அடி நீளமுள்ள படகு ஒன்றைக் கம்பியின்றி இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8 அன்று இதற்கு 613,809 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமம் கிடைத்தது. படகினுள் மின்கலமும், உலோகத்தூள் அடைத்த சிறு உருளையும் இருந்தன. அலை வந்து சேர்ந்ததும் தூள் மின்னைக் கடத்தும். உருளை கவிழ்க்கப்பட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு தட்டு ஒரு படி நகர்ந்து சுக்கானை மாற்றியது.

இத்தகைய ஏற்பியின் குறை வெளிப்படையானது. குறிப்பை அனுப்பியவர் யார் என்று அதற்குத் தெரியாது. அருகில் வேறு செலுத்தி இயங்கினாலோ மின்னல் வெட்டினாலோ தட்டு ஒரு படி நகர்ந்துவிடக்கூடும். படகைப் போர்க்கருவியாக்க தெஸ்லா விரும்பினார். எதிரி திசைதிருப்பக்கூடிய படகு யாருக்குப் பயன்படும்?

குறுக்கீட்டுக்குத் தீர்வு

இதற்கு விடையாக தெஸ்லா 1900 ஜூலையில் விண்ணப்பித்த முறை எளிமையானது. செலுத்தி ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் அலைகளை அனுப்பும். ஏற்பியில் ஒவ்வொன்றுக்கும் இசைவிக்கப்பட்ட தனிச்சுற்று இருக்கும். எல்லாச் சுற்றுகளும் ஒருங்கே தூண்டப்பட்டால் மட்டுமே பொறி இயங்கும். தற்செயலாக வரும் ஒற்றை அலை அதனை அசைக்காது. பல எண்கள் பொருந்தினால்தான் திறக்கும் பூட்டைப் போன்றது இது.

இதே கருத்துக்கு ரெசினால்ட் பெசென்டனும் உரிமை கோரினார். (அமெரிக்கக் காப்புரிம அலுவலகத்தில் இத்தகைய பிணக்குக்கும் குறுக்கீடு என்றே பெயர்.) முடிவு தெஸ்லாவுக்குச் சாதகமாகவே அமைந்தது. 1903 இல் 723,188, 725,605 ஆகிய காப்புரிமங்கள் வழங்கப்பட்டன. எனினும் அமெரிக்கக் கடற்படை படகை வாங்கவில்லை. தெஸ்லாவும் வார்டன்கிளிப் கோபுரத் திட்டத்தில் மூழ்கிப் பணமுடைக்கு ஆளானார். அக்கோபுரம் 1917 இல் இடிக்கப்பட்டது.

இவர் நியூயார்க்கர் விடுதியறையில் தனிமையில் இறந்தார். ஐந்து மாதங்களுக்குப் பின், 1943 ஜூன் 21 அன்று, மார்க்கோனியின் வானொலிக் காப்புரிமம் ஒன்றின் முதன்மைக் கோரிக்கைகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்றது. அதற்கு முற்பட்ட பணிகளாகக் கொள்ளப்பட்டவற்றுள் தெஸ்லாவினதும் ஒன்று. காந்தப்பாய அடர்த்தியின் அலகுக்கு 1960 இல் இவர் பெயர் இடப்பட்டது.

மாதிரி வானூர்திகளில்

1937 இல் அமெரிக்காவின் குட் இரட்டையர் வானொலியால் கட்டுப்படும் மாதிரி வானூர்தியைப் பறக்கவிட்டனர். பின்வந்த ஒற்றைத்தட வானூர்திகள் பலவற்றில் ஒவ்வொரு குறிப்புக்கும் சுக்கான் ஒரு படி மாறியது. தெஸ்லாவின் தட்டு செய்ததும் இதுவே. அமெரிக்காவில் மாதிரி வானூர்திகளுக்கு 72 மெகாஹெர்ட்சு பட்டையில் 50 தடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒரே தடத்தில் இருவர் செலுத்தியை இயக்கினால் வானூர்தி கட்டுப்பாடிழந்து விழும். ஆதலால் களத்தில் ஒரு பலகையில் தட எண்ணுள்ள கவ்வியை எடுத்தவர் மட்டுமே பறக்கவிடலாம் என்ற வழக்கம் நிலவியது.

2000களின் நடுப்பகுதி முதல் பரவிய 2.4 கிகாஹெர்ட்சு கருவிகளில் ஏற்பி தன் செலுத்தியின் அடையாளக் குறியீட்டை நினைவில் கொண்டு மற்றவற்றைப் புறக்கணிக்கிறது. இவற்றுள் பல தாவும் அதிர்வெண் முறையையும் கையாளுகின்றன. அம்முறைக்கு ஹெடி லமாரும் ஜார்ஜ் ஆன்தைலும் 1942 இல் பெற்ற காப்புரிமம் புகழ்பெற்றது. ஒரே வானூர்தியில் நிகழ்படச் செலுத்தியும் இருந்தால் அதனைப் பெரும்பாலும் 5.8 கிகாஹெர்ட்சில் இயக்கி, அதன் அலைவாங்கியைக் கட்டுப்பாட்டு ஏற்பியிலிருந்து இயன்றவரை விலக்கிப் பொருத்துகின்றனர்.