தவிட்டில் இருந்த மருந்து

பெரிபெரி என்னும் நோயை இன்று பலர் அறியார். கால்கள் மரத்து, நடை தளர்ந்து, இறுதியில் இதயம் ஓய்ந்துவிடும் அந்நோய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரிசி உண்ணும் ஆசிய நாடுகளில் ஏராளமான உயிர்களைப் பறித்தது. அதன் காரணத்தை அறிய வழிகாட்டியவர் நெதர்லாந்து மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான்.

1858-இல் நைகெர்க் என்னும் ஊரில் பிறந்த ஐக்மான், 1883-இல் ராணுவ மருத்துவராக, அன்று டச்சு ஆட்சியில் இருந்த இந்தோனேசியாவுக்குச் சென்றார். மலேரியாவால் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பியவர், பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமியியல் பயின்றார். பெரிபெரியை ஆராய டச்சு அரசு அமைத்த குழுவுடன் 1886-இல் மீண்டும் ஜாவாவுக்குப் பயணமானார். 1888-இல் பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். நோய்க்குக் கிருமியே காரணம் என்பது அன்றைய மருத்துவ உலகின் நம்பிக்கை. ஐக்மானும் அதற்கு விலக்கல்லர்.

1889-இல் ஆய்வுக்கூடக் கோழிகள் பெரிபெரியை ஒத்த நோயால் கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்களில் காரணமின்றித் தேறின. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. இடைக்காலத்தில் அவற்றுக்கு மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளரிசிச் சோறு இடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர் அதைத் தர மறுக்கவே, மீண்டும் தீட்டாத அரிசி கிடைத்தது, கோழிகள் பிழைத்தன.

மனிதர்களுக்கும் இது பொருந்துமா? ஜாவாவின் சிறைகளில் மருத்துவர் ஃபோர்டர்மன் ஏறத்தாழ 2.8 லட்சம் கைதிகளைக் கணக்கெடுத்தார். தீட்டாத அரிசி வழங்கிய சிறைகளில் 10,000 பேரில் ஒருவருக்கும், தீட்டிய அரிசி வழங்கியவற்றில் 39 பேரில் ஒருவருக்கும் நோய் கண்டிருந்தது.

1896-இல் உடல்நலக் குறைவால் ஐக்மான் நாடு திரும்பினார். மாவுச்சத்தில் நஞ்சு உண்டு, தவிட்டில் அதற்கு மாற்று உண்டு என்றே அவர் கருதினார். நஞ்சு ஏதுமில்லை, இன்றியமையாத சத்தொன்று தீட்டும்போது நீங்குகிறது என 1901-இல் விளக்கியவர் அவருக்குப் பின் ஆய்வைத் தொடர்ந்த ஹெரிட் ஹிரைன்ஸ். தயமின் எனப்படும் வைட்டமின் பி1தான் அச்சத்து. 1929-இல் ஐக்மானுக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மறு ஆண்டே அவர் மறைந்தார்.

மலாயாவில் புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களைப் பெரிபெரி பெரும்பாலும் தீண்டவில்லை என்பதும் அக்காலத்தில் பதிவான செய்தி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம்.

இத்தனை தெரிந்தும் வெள்ளரிசியே வென்றது. தவிட்டிலுள்ள எண்ணெய் விரைவில் காறிப்போகும். தீட்டிய அரிசியோ நெடுநாள் இருக்கும். வணிகத்துக்கு அது வசதி, கண்ணுக்கு வெண்மை அழகு. இன்று முழுத்தானியத்தை நாடுவோருக்கு, அது கெடாதிருக்க நெகிழி உறையிலிட்டு விற்கப்படுகிறது. உடலுக்கு நன்மை தேடும் கை, மண்ணுக்குக் கேடானதையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது.

உமியே நெல்லுக்கு இயற்கை தந்த உறை. நெல்லாகக் குதிரில் சேமித்து, வேண்டியபோது குத்திக்கொண்ட நம் முன்னோர்க்கு வேறு உறை தேவைப்படவில்லை. அருகிலுள்ள அரிசி ஆலையில் சிறிது சிறிதாக, துணிப்பையில் வாங்கும் வழக்கம் இன்றும் இயலாததன்று. கோழிகளைக் காத்த தவிட்டை நாம் இன்னும் மாட்டுத் தீவனமாகவே கருதுவது முறைதானா?