ஏடு காத்த ஐயர்

உத்தமதானபுரம் உ. வே. சாமிநாதையர் (1855–1942) திருவாவடுதுறைச் சைவ ஆதீனத்தில் தமிழ் பயின்றவர். 1880-இல் சேலம் இராமசாமி முதலியார் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். அதன் சமயச் செய்திகள் அவருக்குப் புலப்படவில்லை. கல்லூரி ஆசிரியர் என்ற செருக்கின்றிக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று மாணவராய் அமர்ந்தார். சந்திரநாத செட்டியார் முதலியோர் ஐயம் களைந்தனர். பிற சமயத்தாரிடம் நம் முன்னோர் மனமுவந்து நூற்பொருள் பகிர்ந்தது சிறிய செயலன்று. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது.

பொருநை நாட்டிலும் ஏடு தேடி அலைந்தார். ஆழ்வார்திருநகரியில் பத்துப்பாட்டு மூலம் கிடைத்தது. அந்நூல் 1889-இல் வெளிவந்தது. கரிவலம்வந்தநல்லூரிலோ, வரகுணராம பாண்டியரின் ஏடுகளைத் தேடிக் கோயிலுக்குச் சென்றார். பழுதுற்ற அவற்றை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகக் கூறினர். நெஞ்சம் நொந்து, வெறுங்கையராய்த் திரும்பினார்; அடுத்த ஊருக்கு.